புள்ளி வண்டும் பெயரிடும் முறையும்

நுழையும்முன்

ஐப்பசி மழைக்குப்பின் கரிசல் காட்டில் ஓர் எருக்கஞ்செடியின் அருகே கால்நாழிகை நின்று பார்த்தால் பத்துக்குக் குறையாத பூச்சிகள் தென்படும். அவற்றுள் இரண்டுக்கோ மூன்றுக்கோ நம்மிடம் பெயர் உண்டு. எஞ்சியவற்றை 'ஏதோ வண்டு' என்று சொல்லி அப்பால் நகர்கிறோம். அந்த 'ஏதோ வண்டு' ஒரு சிற்றினமாக அறியப்பட்டுப் பெயர் பெறும் வழி நீண்டது. விதிகள் பல கொண்டது. அவ்வழியை இலைவண்டுகளைக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

எந்தப் புள்ளி வண்டு?

கோவில்பட்டியைச் சூழ்ந்த மானாவாரி நிலங்களில் உளுந்தும் பாசிப்பயறும் முளைத்து இரண்டு மூன்று இலை விட்ட நிலையில், ஒரு காலைப்பொழுதில் இலையெங்கும் சிறுசிறு வட்டத் துளைகள் காணப்படும். துளையிட்டது எது என்று பகலில் தேடினால் கிடைப்பதில்லை. அது இரவில் மேய்வது. பகலில் மண்கட்டிகளின் இடுக்கில் ஒடுங்கிக் கிடப்பது. இலையைத் துளைப்பதோடு அதன் தொல்லை முடிவதில்லை. அதன் புழு மண்ணுக்குள் இருந்துகொண்டு பயறுச் செடியின் வேர்முடிச்சுகளைத் தின்னும். காற்றின் நைட்ரசனைச் செடிக்கு ஈட்டித் தருபவை அம்முடிச்சுகள். ஆகவே மேலே இலைக்குச் சேதம், கீழே உரத்துக்குச் சேதம்.

பயறுகளைத் தாக்கும் இச்சிறு வண்டை அறிவியல் நூல்கள் 'மதுராசியா அப்ஸ்க்யூரெல்லா' என்று குறிக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்ட்டின் ஜேக்கபி என்பவர் இட்ட பெயர் இது. சொல்லின் முற்பகுதியைக் கேட்கும் எவருக்கும் மதுரை நினைவுக்கு வரும். தென்தமிழகத்து உழவரின் இலையைத் தின்னும் வண்டின் பெயர் நம் ஊர்ப்பெயரின் ஒலியோடு உலக நூல்களில் நிலைத்திருப்பதை நம்மில் பெரும்பாலோர் அறிந்ததில்லை.

உழவர்களின் வழக்கில் 'புள்ளி வண்டு' என்னும் ஒரே சொல் பலவற்றைச் சுட்டும். கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் வண்டும் புள்ளி வண்டுதான்; பருத்தியிலும் பயறிலும் அசுவினியை உண்டு பயிரைக் காக்கும் பொறிவண்டும் புள்ளி வண்டுதான்; கொடிகளின் இலையில் ஒட்டிக் கிடக்கும் ஆமை வண்டுக்கும் அதே பெயர். 'புள்ளி வண்டு விழுந்துவிட்டது, மருந்தடிக்க வேண்டும்' என்று ஒருவர் சொல்லும்போது, சாகப்போவது பயிரின் பகையா துணையா என்பது அச்சொல்லில் இல்லை. துணைவண்டு செத்தால் அசுவினி பெருகும். பெருகிய அசுவினிக்கு மறுபடியும் மருந்து வாங்க வேண்டும். ஒரு பெயரின் மயக்கம் இவ்வாறு உழவரின் பணப்பையைத் தொடுகிறது.

கணுக்களை எண்ணுதல்

இலைவண்டுகள் அனைத்தும் 'கிரைசோமெலிடே' என்னும் குடும்பத்தைச் சார்ந்தவை. பொன்னைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை முதலாகக் கொண்ட பெயர் இது. உலகெங்கும் 35,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இக்குடும்பத்தில் விவரிக்கப்பட்டுள்ளன. சிறுவர்கள் தீப்பெட்டிக்குள் இலையிட்டு வளர்க்கும் நம் பொன்வண்டு பெயரால் இவற்றுக்கு உறவு போலத் தோன்றினும், அது வேறொரு குடும்பத்தைச் சார்ந்தது.

பொறிவண்டையும் இலைவண்டையும் புள்ளியை வைத்துப் பிரிக்க முயல்வோர் ஏமாறுவர். பாதத்தை வைத்துப் பிரிப்பது உறுதியான வழி. கைவில்லை ஒன்றின் துணையோடு காலின் நுனியைக் கண்டால், இலைவண்டின் பாதம் நான்கு கணுக்கள் உடையதாகத் தோன்றும். உண்மையில் அவை ஐந்து. நான்காம் கணு மிகச் சிறியதாய், இரண்டாகப் பிளந்த மூன்றாம் கணுவுக்குள் ஒளிந்திருக்கும். பொறிவண்டின் பாதமோ மூன்று கணுக்கள் உடையதாகத் தோன்றும். அங்கும் ஒன்று மறைந்திருக்கும். உணர்கொம்பும் வேறுபடும். பொறிவண்டின் உணர்கொம்பு குட்டையானது, நுனி தடித்தது. இலைவண்டின் உணர்கொம்பு பெரும்பாலும் நீண்டு நூல்போல் இருக்கும்.

கத்தரியைத் தாக்கும் புள்ளி வண்டு இங்கே ஒரு புதிர். அது இலையைத் தின்பது. ஆயினும் இலைவண்டுக் குடும்பத்தைச் சார்ந்ததன்று. பாதக் கணுக்களை எண்ணினால் அது பொறிவண்டுக் குடும்பத்தில் போய் நிற்கும். ஊனுண்ணிகள் நிறைந்த குடும்பத்தில் அது இலையுண்ணும் கிளையைச் சார்ந்தது. அதன் முதுகு மெல்லிய மயிர் படர்ந்து மங்கலாக இருக்கும். துணைவண்டின் முதுகு வழுவழுப்பாக ஒளிரும். வயலில் நின்று பார்ப்பவருக்கு இந்த ஓர் அடையாளமே போதும்.

தரங்கம்பாடியும் கீல் நகரும்

கத்தரிப் புள்ளி வண்டின் அறிவியல் பெயர் 'ஹெனோசெபிலாக்னா விஜின்டியோக்டோபங்டேட்டா'. இரண்டாம் சொல்லுக்கு இருபத்தெட்டுப் புள்ளி உடையது என்பது பொருள். 1775இல் வெளியான 'சிஸ்டமா என்டமாலஜியே' என்னும் இலத்தீன் நூலில் இதற்குப் பெயரிட்டவர் ஜோகன் கிறிஸ்டியன் ஃபேப்ரிசியஸ். 1745இல் டென்மார்க்கில் பிறந்த இவர், உயிரினங்களுக்கு இருசொற்பெயர் முறையை நிலைநிறுத்திய லின்னேயசின் மாணவர். கீல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். தம் வாழ்நாளில் ஏறத்தாழ 10,000 பூச்சியினங்களுக்குப் பெயர் சூட்டினார்.

ஃபேப்ரிசியஸ் இந்தியாவுக்கு வந்ததில்லை. ஆயினும் அவருடைய நூல்களில் சோழமண்டலக் கடற்கரையின் பூச்சிகள் பல இடம்பெற்றுள்ளன. காரணம் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்த அத்துறைமுகத்தில், 1768இல் வந்திறங்கினார் யோகான் கெரார்டு கோனிக் என்னும் மருத்துவர். இவரும் லின்னேயசிடம் பயின்றவர். செடிகளையும் பூச்சிகளையும் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். இவருக்குப் பின் டால்டார்ஃப் என்பாரும் அப்பணியைச் செய்தார். பனைமரத்தில் மீன் ஏறியதைத் தம் கண்ணால் கண்டதாக இலண்டன் அறிஞர் கழகத்துக்கு எழுதி, நம் பனையேறிக் கெண்டையை உலகறியச் செய்தவரும் இந்த டால்டார்ஃப்தான்.

நீர்நிலையோரம் பறக்கும் மஞ்சள்நிற ஊசித்தும்பி ஒன்றுக்கு 1798இல் ஃபேப்ரிசியஸ் இட்ட பெயர் 'கோரமண்டலியானம்'. கழுத்தில் கருவளையம் கொண்ட செம்புறா ஒன்று வேறோர் அறிஞரால் 'டிராங்குபாரிக்கா' எனப்பட்டது. ஊர்ப்பெயர்கள் இலத்தீன் ஈறுகளோடு நிலைத்துவிட்டன. அவற்றைப் பிடித்துக் கொடுத்த மீனவச் சிறுவர்களின் பெயர்களோ, வேலையாட்களின் பெயர்களோ நூல்களில் ஏறவில்லை.

இருபத்தெட்டுப் புள்ளி வண்டைக் குறிக்க ஃபேப்ரிசியஸ் எண்ணையே எழுதினார்: '28-பங்டேட்டா'. எண்ணைப் பெயராக எழுதலாகாது, சொல்லாக எழுத வேண்டும் என்னும் விதி பின்னர் வந்தது. அதனால்தான் இன்று அந்த நீண்ட சொல்லை மாணவர் மனனம் செய்ய வேண்டியிருக்கிறது. இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. இவ்வண்டின் புள்ளிகள் எப்போதும் இருபத்தெட்டு அல்ல. சில ஒன்றோடொன்று இணைந்துவிடும், சில மறைந்துவிடும். பன்னிரண்டு புள்ளி உடையதை 'டோடெகாஸ்டிக்மா' என்னும் தனிப்பெயரால் நம் வேளாண் நூல்கள் நெடுங்காலம் குறித்துவந்தன. புள்ளியை எண்ணி இனத்தை முடிவு செய்ததால் நேர்ந்த குழப்பம் அது.

தெரிந்து தெளிவோம்

பயறு வண்டுக்குப் பெயரிட்ட மார்ட்டின் ஜேக்கபி தொழிலால் வயலின் இசைஞர். இலண்டனில் இசைக்குழுவில் வாசித்தவர். 'பிரித்தானிய இந்தியாவின் விலங்கினங்கள்' என்னும் நூல்வரிசையில் இலைவண்டுகள் பற்றிய முதல் தொகுதி இவர் எழுதியது. இவர் மறைந்த பின் 1908இல் வெளிவந்தது. அவ்வரிசையில் இலைவண்டுகளைப் பற்றிய அடுத்த தொகுதிகளை 1919, 1926, 1936ஆம் ஆண்டுகளில் எழுதியவர் சமரேந்திர மவுலிக் என்னும் இந்தியர்.

புதிது எது?

ஒருவர் இதுவரை காணாத வண்டைக் கண்டதும் 'புதிய இனம்' என்று மகிழ்தல் இயல்பு. அது அவருக்குப் புதிதா, அறிவியலுக்கே புதிதா என்பதுதான் முதற்கேள்வி. பார்த்தீனியம் மண்டிய புறம்போக்குகளில், வெளிறிய முதுகில் கரும்பழுப்புக் கோடுகள் கொண்ட இலைவண்டு ஒன்று காணப்படுவதுண்டு. 'சைகோகிராமா பைகலரேட்டா' என்பது அதன் பெயர். மெக்சிகோ நாட்டுக்கு உரியது. பார்த்தீனியத்தை ஒழிக்கும் நோக்கில் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு, ஆய்வுக்குப்பின் 1984இல் வெளியில் விடப்பட்டது. அங்கிருந்து நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவிற்று. கோடையில் மண்ணுக்குள் உறங்கி மழையோடு எழுந்துவரும் இதனைக் கண்டு, நம் மண்ணின் அறியப்படாத வண்டு என்று ஒருவர் கருதிவிடலாம். ஆனால் 1953ஆம் ஆண்டிலேயே அது விவரிக்கப்பட்டுவிட்டது.

இவ்வண்டு சூரியகாந்தி இலையையும் தின்பதாக 1990களின் தொடக்கத்தில் புகார் எழுந்தது, உழவர்கள் அஞ்சினர். ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டனர்: அருகிலுள்ள பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலைமீது படிந்திருந்தால் அது வண்டைத் தின்னத் தூண்டுகிறது. எந்த வண்டு, எந்தச் செடி, எந்தச் சூழல் என்று பெயர் சொல்லிப் பிரித்துப் பேச முடிந்ததால்தான் அவ்வச்சத்தை ஆராய்ந்து பார்க்க முடிந்தது.

விவரித்தல் என்னும் பணி

இனி, உண்மையிலேயே பெயரற்ற புள்ளி இலைவண்டு ஒன்று கழுகுமலைக்கோ எட்டயபுரத்துக்கோ செல்லும் சாலையோரச் செடியில் கிடைத்ததாகக் கொள்வோம். இது கற்பனையே. அடுத்து நடக்க வேண்டியவை மட்டும் கற்பனையல்ல.

பிடித்த உடனே அதன் உயிருள்ள நிறத்தைக் குறித்தாக வேண்டும். ஆமை வண்டுகளுட் சில உயிரோடு இருக்கும்போது உருக்கிய பொன்போல மின்னும். இறந்து உலர்ந்தால் அந்த மின்னல் போய்த் தவிட்டுநிறம் ஆகிவிடும். உறையிலுள்ள ஈரத்தால் விளையும் நிறம் அது. அருங்காட்சியகப் பேழையில் கிடக்கும் உடலை மட்டும் கண்டு எழுதுபவர் அந்தப் பொன்னை அறியவே மாட்டார்.

பின்னர் ஈத்தைல் அசிட்டேட் ஆவி நிறைந்த குப்பியில் வண்டு உயிர்நீக்கப்படுகிறது. பெரிய வண்டாயின் வலப்புற உறைச்சிறகின் வழியே ஊசி செருகப்படும். சிறிய வண்டாயின் முக்கோண அட்டைத் துண்டின் நுனியில் பசையால் ஒட்டப்படும். அதன்கீழ் ஒரு சிறு சீட்டு: ஊர், அகலாங்கு நெட்டாங்கு, கடல்மட்டத்துக்கு மேல் உயரம், நாள், பிடித்தவர் பெயர், எந்தச் செடியில் இருந்தது என்னும் செய்தி. விரல்நகம் அளவுள்ள இச்சீட்டு இல்லையெனில் அவ்வண்டு அழகிய பொருளாகலாம்; சான்றாகாது. செடியின் பெயர் இலைவண்டுகளுக்கு இன்றியமையாதது. இவற்றுட் பல ஒரே செடியையோ உறவுடைய சில செடிகளையோ மட்டுமே உண்டு வாழ்வன.

ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின்கீழ் அளத்தல் தொடங்குகிறது. உடலின் நீளம், அகலம், கண்களுக்கிடையே உள்ள தொலைவு, உணர்கொம்பின் ஒவ்வொரு கணுவின் நீளம், முதுகின் நுண்குழிகள் வரிசையாக அமைந்தனவா சிதறிக் கிடப்பனவா என்பது வரை அனைத்தும் எழுதப்படும். புள்ளிகளின் எண்ணும் இடமும் குறிக்கப்படும். ஆயினும் அவற்றின்மீது முழு நம்பிக்கை வைப்பதில்லை. ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து அதன் வடிவத்தை வரைவர். வெளித்தோற்றத்தில் இரட்டையர் போன்ற இரு சிற்றினங்கள் பலமுறை இவ்வுறுப்பின் வளைவில்தான் வேறுபடுகின்றன. இக்காலத்தில் மரபணு வரிசையும் உடன் ஒப்பிடப்படுகிறது.

அதற்கடுத்த பணியே மிகக் கடினமானது. இப்பேரினத்தில் இதுவரை பெயர்பெற்ற எல்லாச் சிற்றினங்களோடும் ஒப்பிட்டு, அவற்றுள் எதுவும் இதுவன்று என்று காட்ட வேண்டும். பழைய விவரிப்புகள் இலத்தீனிலும் செருமானியத்திலும் பிரெஞ்சிலும் சிதறிக் கிடக்கின்றன; சில இரண்டே வரி உடையவை. அவ்வரிகளைக் கொண்டு எதையும் உறுதி செய்ய இயலாது. பெயர் முதலில் எந்த உடலுக்கு இடப்பட்டதோ அந்த உடலையே தேடிச் செல்ல வேண்டும். 'மூல மாதிரி' எனப்படும் அவ்வுடலே அப்பெயரின் நிலையான சான்று. விவரிப்பில் பிழை இருக்கலாம், படம் தவறியிருக்கலாம். மூல மாதிரியைப் பார்த்து எந்நாளும் சரிசெய்து கொள்ளலாம்.

பெயர் சூட்டுதற்கும் முறை உண்டு. விலங்குகளின் பெயர்களுக்கு 1758ஆம் ஆண்டில் வெளியான லின்னேயசின் பத்தாம் பதிப்பே தொடக்கம். ஒரே உயிருக்கு இருவர் இரு பெயரிட்டால் முந்தையதே செல்லும். தம் பெயரைத் தாமே இட்டுக்கொள்வதை விதி தடுக்கவில்லை, மரபு ஏற்பதில்லை. ஊரைச் சுட்ட 'என்சிஸ்' என்னும் ஈறு சேர்க்கலாம். அவ்வகையில் நம் கற்பனை வண்டு 'கோவில்பட்டியென்சிஸ்' ஆகலாம். எழுதிய விவரிப்பு ஆய்விதழில் வெளிவந்தால்தான் பெயர் உயிர்பெறும். செய்தித்தாளில் வந்தாலும் விழா எடுத்து அறிவித்தாலும் செல்லாது. 2012 முதல் மின்னிதழில் வெளியிடுவதும் ஏற்கப்படுகிறது. அப்போது 'சூபேங்க்' என்னும் உலகப் பதிவேட்டில் முன்னரே பதிந்திருத்தல் வேண்டும்.

மூல மாதிரி இருக்கும் இடம்

18, 19ஆம் நூற்றாண்டுகளில் நம் மண்ணில் பிடிபட்ட வண்டுகளின் மூல மாதிரிகளுட் பெரும்பாலானவை கோபன்ஹேகன், இலண்டன் முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் உள்ளன. அங்கே அவை பேணிக் காக்கப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கரிசல் நிலத்து வண்டு ஒன்றின் பெயரைச் சரிபார்க்க இந்திய மாணவர் கடல்கடக்க வேண்டியிருப்பது பெருஞ்சுமை.

2002ஆம் ஆண்டின் உயிரியப் பன்மைச் சட்டம் இந்நிலைக்கு ஒரு விடை கண்டது. அதன் 39ஆம் பிரிவு, இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்படும் உயிரினத்தின் மாதிரியை அதற்கென அறிவிக்கப்பட்ட களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. 1916இல் கொல்கத்தாவில் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் அளவைத்துறை அத்தகைய களஞ்சியங்களுள் ஒன்று. சட்டத்தைச் செயற்படுத்தும் தேசிய உயிரியப் பன்மை ஆணையத்தின் தலைமையிடம் சென்னையில் உள்ளது.

சட்டத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஒப்பீட்டுக்காக மாதிரிகளை நாடுகளுக்கிடையே அனுப்புவதும் பெறுவதும் கடினமாகிவிட்டது என்று வகைப்பாட்டியலார் வருந்துகின்றனர். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் இலைவண்டு அறிஞர் கே. டி. பிரதாபனும் அவரோடு பல நாட்டு அறிஞர்களும் 2018இல் 'சயின்ஸ்' இதழில் இம்முறையீட்டை முன்வைத்தனர். கொள்ளையைத் தடுக்க எழுந்த வேலி, அறிவின் போக்குவரத்தையும் தடுக்கிறது என்பது அவர்களின் வாதம். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. மரபுச் செல்வத்தை இழந்த நாடு காவலைத் தளர்த்த அஞ்சுவது இயல்பு. எனினும் பெயரே இல்லாத உயிரை எப்படிக் காப்பது என்னும் அறிஞர்களின் கேள்விக்கு இன்னும் தக்க விடை சொல்லப்படவில்லை.

இவ்வறிஞர் விராக்தமத் என்பாரோடு இணைந்து 2011இல் விவரித்த தென்னிந்தியத் தத்து வண்டு ஒன்று குறிப்பிடத்தக்கது. லிம்னோஃபிலா என்னும் நீர்ச்செடியில் வாழ்வதால் அதற்கு 'லாஞ்சிடார்சஸ் லிம்னோஃபிலே' என்று பெயரிட்டனர். இவ்வகை வண்டுகள் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக உறங்குவது வழக்கம். நீரில் நிற்கும் செடிக்கு மண் எங்கே? இவ்வண்டோ செடியின் தண்டிலுள்ள காற்றறைகளுக்குள்ளேயே கூட்டுப்புழுப் பருவத்தைக் கழிக்கிறது. வடிவத்தை அளந்ததோடு நில்லாமல் வாழ்க்கையையும் கண்டு எழுதியதால் அவ்விவரிப்பு சிறந்தது.

'தரிசு' என்னும் சொல்

புதிய உயிரினங்களைத் தேடுவோர் பெரும்பாலும் மேற்குத்தொடர்ச்சி மலைக்கே செல்கின்றனர். மழையும் காடும் உள்ள இடத்தில் இனங்கள் மிகுதி என்பது உண்மை. ஆனால் அதனால் விளைந்த பழக்கம் ஒன்றுண்டு: சமவெளியின் வறண்ட நிலத்தைத் தேடிப் பார்க்கும் முன்னரே அங்கு ஒன்றும் இல்லை என்று முடிவு செய்துவிடுவது. வருவாய்ப் பதிவேட்டில் 'தரிசு' என்று எழுதப்பட்ட நிலம் வரி தராத நிலம். உயிரற்ற நிலம் அன்று. வல்லநாட்டுக் குன்றும் புதரும் வெளிமான்களுக்கு வாழிடம் என்று உணர்ந்துதான் அங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. மானுக்குக் கிடைத்த கவனம் வண்டுக்குக் கிடைக்கவில்லை.

கோடையில் கரிசல் மண் ஆழமாக வெடிக்கிறது; மழையில் உப்பி அவ்வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. அவ்விரண்டுக்கும் ஈடுகொடுத்து அம்மண்ணில் உறங்கி எழும் பூச்சிகளின் வாழ்க்கை தனித்த ஆய்வுக்கு உரியது. ஆவாரை, துத்தி, வேலிப்பருத்தி, ஆதண்டை எனச் செடிக்குச் செடி வேறு வண்டு மேயும் வரப்புகள் சீமைக்கருவேலத்தால் மூடப்படுகின்றன; சில இடங்களில் எந்திரத்தால் மழிக்கப்படுகின்றன. செடி போனால் அதனை மட்டுமே நம்பிய வண்டும் போகும்; பெயர் பெறுமுன் மறைந்ததற்கு எந்தப் பேழையிலும் சான்று இராது.

தமிழில் பெயரிடும் மரபு பழமையானது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்துத் தும்பியை நான்கறிவு உயிர்களுள் வைத்தது. சுரும்பு, ஞிமிறு, தும்பி, வண்டு எனச் சங்கப்புலவர் பல சொற்களை ஆண்டனர். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, எழுத்தில் ஏறாத ஊர்ச்சொற்களைக் காத்தது. அவர் பல்கலைக்கழகத்தின் ஆணைக்குக் காத்திராமல் அப்பணியைச் செய்தார். உழவரும் ஆடு மேய்ப்போரும் பூச்சிகளுக்கு இட்டுவைத்திருக்கும் பெயர்களுக்கு அத்தகைய அகராதி வேண்டும். இலத்தீன் பெயர் உலகம் முழுவதும் ஒன்றாக நிற்கும். ஊர்ப்பெயரோ அவ்வண்டு எப்போது வரும், எதைத் தின்னும், எங்கே ஒளியும் என்பதையும் சேர்த்துச் சொல்லும். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதுவதற்குத் தடையேதும் இல்லை.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் வண்டுகளுக்கும் பூச்சிகளுக்கும் வழங்கும் பெயர்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, அப்பெயருக்கு அவர்கள் கூறும் காரணத்தோடு எழுதுக.

பள்ளி வளாகத்துச் செடி ஒன்றைத் தேர்ந்து, அதனைத் தின்னும் பூச்சியைக் கொல்லாமல் ஒரு வாரம் நோக்கி, அதன் நிறம், அளவு, தின்னும் முறை ஆகியவற்றை விவரித்து எழுதுக. எழுதியதைப் படித்து மற்றொரு மாணவர் அதே பூச்சியை அடையாளம் காண இயல்கிறதா எனச் சோதிக்க.